கடைமடைக் குரலும் கேட்கணும்

(இ-சேவை மையப் பணியாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் திருநெல்வேலியில் நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

நான் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்குக் கட்டுரையும் காணொலிக் குறிப்பும் எழுதித் தர்ற பொண்ணு. எந்தத் திட்டம், யாருக்கு, எப்படி விண்ணப்பிக்கணும், என்னென்ன சான்று வேணும், இதெல்லாம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்னைக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு வேற. நாம தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் எல்லாத் தரப்பு மக்களோட குரலையும் கேட்க நாம எப்படி உதவலாம்?

தலைப்பைப் பார்த்ததும் எனக்கு எங்க ஆச்சி ஞாபகம்தான் வந்தது. அங்கிருந்தே தொடங்குறேன்.

எங்க தெருக் குழாய்

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. தாமிரபரணி கூப்பிடு தூரத்துல ஓடுது. ஆனா எங்க தெருக் குழாயில தண்ணி வராது. மேல்நிலைத் தொட்டியில இருந்து வர்ற குழாய்க்கு எங்க தெருதான் கடைசி. முன்னாடி இருக்கிற தெருக்கள் எல்லாம் பிடிச்சு முடிச்சப்புறம் எங்களுக்குக் காத்துதான் வரும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது இருந்தே இதே கதை.

"ஆச்சி, ஒரு மனு எழுதித் தாறேன். போய்க் குடுத்துட்டு வருவோமா"ன்னு ஒருநாள் கேட்டேன். ஆச்சி சொன்னது இது: "ஏட்டி, நாம ஓட்டுப் போட்டது அவங்களுக்கா? ஊருக்கே தெரியுமே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் கேக்கது?"

யாரும் ஆச்சியை வரக்கூடாதுன்னு சொல்லலை. யாரும் மிரட்டவும் இல்லை. ஆச்சியே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டா. அடுத்த தேர்தல்ல காத்து மாறி அடிச்சது. இப்போ எதிர்வீட்டுப் பெரியம்மா அதே வார்த்தையைச் சொல்லி உள்ள இருந்துக்கிட்டாங்க. ஆக, தெருவுல எப்பவும் பாதி வீடு பேசாது. எந்தப் பாதிங்கிறது மட்டும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை மாறும்.

பேசின பாதியாவது சேர்ந்து பேசினாங்களான்னா, அதுவும் இல்லை. ஒரு தரப்பு, "புதுசா ஆழ்குழாய்க் கிணறு போட்டு ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைங்க"ன்னு மனுக் கொடுத்தது. இன்னொரு தரப்பு, "ஆழ்குழாய் வேண்டாம், பெரிய குழாயா மாத்துங்க"ன்னு மனுக் கொடுத்தது. ரெண்டும் ஒரே தெரு, ஒரே குறை. மனு வாங்குறவங்களுக்கு என்ன தோணும்? "நீங்க முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க"ன்னுதானே தோணும்? அதைத்தான் சொன்னாங்க.

ஒரு ஓட்டுலயும் பிரதிநிதி, 49 ஓட்டுலயும் பிரதிநிதி

எங்க தெருக் கதை எங்க தெருவோட முடியலை. நம்ம மாவட்டத்தையே எடுத்துக்குவோம்.

2016 சட்டமன்றத் தேர்தல்ல ராதாபுரம் தொகுதியில வெற்றி பெற்றவருக்கு 69,590 ஓட்டு. அடுத்து வந்தவருக்கு 69,541. வித்தியாசம் வெறும் 49. அந்த முடிவு பிறகு நீதிமன்றம் வரைக்கும் போனது உங்க எல்லாருக்கும் தெரியும். நான் அந்த வழக்குக்குள்ள போகலை. அந்த எண்ணை மட்டும் பாருங்க. ஜெயிச்சவருக்கு ஓட்டுப் போடாத ஒரு லட்சத்தில் முக்கால்வாசிக்கும் மேலான பேர் அந்தத் தொகுதியில இருந்தாங்க. அவங்க வீட்டுக்கும் ரேஷன் கடை வேணும், பஸ் வேணும், குளத்துக்குத் தண்ணி வேணும். அவங்களுக்கும் அவர்தான் எம்.எல்.ஏ.

2021 தேர்தல் முடிவையும் பாருங்க. மாவட்டத்துல மொத்தம் அஞ்சு தொகுதி. திருநெல்வேலியில பா.ஜ.க., அம்பாசமுத்திரத்துல அ.தி.மு.க., பாளையங்கோட்டையிலயும் ராதாபுரத்துலயும் தி.மு.க., நாங்குநேரியில காங்கிரஸ். அஞ்சு தொகுதிக்கு நாலு கட்சி. ஒரே ஆத்துத் தண்ணியைக் குடிக்கிற ஊர்கள்தான். ஒரு தொகுதியில ஆளுங்கட்சிக்காரர்னு நெஞ்சை நிமித்துறவர், பாலம் தாண்டி அடுத்த தொகுதிக்குக் குடிபோனா எதிர்க்கட்சிக்காரர் ஆயிடுவார். அதனால, "நம்ம ஆள் இல்லை, நமக்கு எதுக்கு"ன்னு ஒதுங்குறது யாருக்கும் நிரந்தர லாபம் இல்லை.

2022 ஆகஸ்டுல 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக எல்லாக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். தொகுதியில நீண்ட நாளா நிறைவேறாம இருக்கிற 10 முக்கியமான கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு மாவட்ட ஆட்சியர்கிட்ட கொடுங்கன்னு கேட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடு இல்லாம 234 தொகுதிக்கும் அதே பத்துதான்.

இப்போ ஒரு எம்.எல்.ஏ. இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. ரெண்டு லட்சத்துக்கும் மேல வாக்காளர்கள். பத்து கோரிக்கை. எந்தப் பத்து? அவருக்குத் தெரிஞ்ச பத்து. அவருக்கு எது தெரியும்? அவர்கிட்ட வந்து சொன்னது தெரியும். யார் வந்து சொல்லுவாங்க? தினமும் காலையில வீட்டு வாசல்ல நிக்கிறவங்க, ஒன்றியம், கிளைன்னு பொறுப்புல இருக்கிறவங்க, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வர்றவங்க. அவங்க வர்றது தப்பு இல்லை. ஆனா எங்க ஆச்சி அந்த வரிசையில இல்லை. நல்ல மனசு உள்ள பிரதிநிதியா இருந்தாலும் காதுக்கு வராத குறையைப் பட்டியல்ல எழுத முடியாது.

தலைமடையும் கடைமடையும்

நம்ம பக்கத்து விவசாயிங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லிடலாம். தாமிரபரணியில கோடைமேலழகியான்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய்னு பிரிஞ்சு போற தண்ணியிலதான் காரும் பிசானமும் விளையுது. ஷட்டரைத் தூக்கினா தலைமடைக்காரர் வயலுக்குத் தண்ணி தானா வந்துடும். அவர் யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணி தானா வராது. முறை வைக்கணும். கால்வாயைத் தூர்வாரணும். ராத்திரி டார்ச் லைட்டோட ஒருத்தர் கரையில நடந்து போய்ப் பார்க்கணும். அப்படி ஏற்பாடு செஞ்சாத்தான் வரும்.

குரலும் அதே மாதிரிதான். பக்கத்துல இருக்கிறவங்க குரல் தானா வந்துடும். ஓட்டுப் போடாதவங்க, கட்சியே இல்லாதவங்க, வேலைக்கு வெளியூர் போய் ராத்திரி திரும்புறவங்க, பீடி சுத்திக்கிட்டே வீட்டைப் பார்த்துக்கிற பெண்கள், இவங்க குரல் கடைமடை. அதுக்கு ஏற்பாடு வேணும்.

இப்போ நம்ம எல்லார் கையிலயும் போன் இருக்கு, இனி என்ன கவலைன்னு சிலர் கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். என் போன்ல எங்க ஊர் பேர்லயே மூணு வாட்ஸ்அப் குழு இருக்கு. ஒண்ணு ஒரு கட்சிக்காரங்க நடத்துறது, ஒண்ணு இன்னொரு கட்சி, ஒண்ணு கோயில் கொடை கமிட்டி. தெருவிளக்கு எரியலைன்னு ஒரு குழுவுல போட்டோ வரும். அடுத்த குழுவுல அதே தெருவிளக்கு எரியுதுன்னு போட்டோ வரும்! ஒவ்வொரு குழுவும் தனக்குத் தானே பேசிக்குது. போன் குரலைப் பெருசாக்குது, சரி. ஆனா யார் குரல் இல்லைங்கிறதை அது காட்டாது.

1,200 வருஷத்துக்கு முன்னாடி மானூர்ல

இது இன்னைக்கு நேத்து வந்த பிரச்சினை இல்லை. திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல மானூர் இருக்குல்ல? அங்க கோயில்ல பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஏறத்தாழ 1,200 வருஷப் பழசு. ஊர்ச் சபை எப்படி நடக்கணும்னு அதுல விதி போட்டிருக்காங்க. யார் உறுப்பினர் ஆகலாம், என்ன தகுதி வேணும்னு வருது. அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. சபையில எந்த யோசனை வந்தாலும் 'வேண்டாம், வேண்டாம்'னு தடுத்துக்கிட்டே இருக்கிறவருக்கு அஞ்சு காசு அபராதம். அவருக்குத் துணை நிக்கிறவங்களுக்கும் சேர்த்து!

அந்தச் சபையில நிலம் வச்சிருந்த அந்தணர்களுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. பெண்களுக்கு இடமில்லை, உழுதவங்களுக்கு இடமில்லை. அதையும் சேர்த்தே சொல்லணும். இன்னைக்குச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துடுச்சு. ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் கிராம சபை உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. நகரத்துலயும் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாள்ல இருந்து பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியிருக்கு. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது. யார் எந்தக் கட்சின்னு டீக்கடையில எல்லாருக்கும் தெரியும்தான். ஆனா சட்டப்படி அங்க உட்கார்றவர் ஊர்க்காரர், அவ்வளவுதான்.

ஒரு கணக்கை மட்டும் கவனிக்கணும். 500-க்கு மேல 3,000 வரைக்கும் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில கிராம சபை நடக்க 100 பேர் வந்தாப் போதும். வர்ற நூறு பேர் யார்? எல்லாரும் ஒரே பக்கத்து ஆளுகளா இருந்தா தீர்மானம் நிறைவேறிடும், ஊர் பேசியிருக்காது.

வெளிநாட்டுல என்ன செஞ்சு பார்த்தாங்க?

அமெரிக்காவுல 2006-ல மைக்கேல் நெப்லோங்கிற பேராசிரியரும் அவரோட சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செஞ்சாங்க. அவங்க நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 12 பேர் இணையம் வழியா தங்க தொகுதி மக்களோட பேசினாங்க. கூட்டத்துக்கு யார் வர்றாங்களோ வரட்டும்னு விடலை. தொகுதியோட பல தரப்பும் இருக்கிற மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டாங்க. ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள், அன்னைக்குக் குடியேற்றப் பிரச்சினை. அதைப் பத்திப் படிக்க முன்கூட்டியே குறிப்புக் கொடுத்தாங்க. நடுநிலையான ஒருத்தர் கூட்டத்தை நடத்தினார். உறுப்பினரோட அலுவலகம் கேள்விகளை வடிகட்டலை.

அதுல தெரிய வந்த ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும். வழக்கமான அரசியலைப் பார்த்துச் சலிச்சு ஒதுங்கி நிக்கிறவங்கதான், இப்படி ஒழுங்கா உட்கார்ந்து பேசக் கூப்பிட்டா வர்றதுக்கு ரொம்ப ஆர்வமா இருந்தாங்க. அதாவது, அவங்க பேச விரும்பாதவங்க இல்லை. அவங்களை யாரும் கூப்பிடலை.

தண்ணி வந்த கதை

இப்போ மறுபடியும் எங்க தெருவுக்கு வாறேன்.

ஒரு அக்டோபர் 2. வழக்கம்போல கிராம சபை. எப்படியோ அன்னைக்கு எங்க ஆச்சியும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் ஒண்ணாப் போனாங்க. ரெண்டு பேரும் ரெண்டு கட்சி. ஆனா ரெண்டு பேரும் அன்னைக்குக் காலையில ஒரே லாரித் தண்ணிக்குக் காசு கொடுத்திருந்தாங்க. கூட்டத்துல ஆழ்குழாயா, பெரிய குழாயான்னு பழைய சண்டை தொடங்குச்சு. ஆச்சி எந்திரிச்சு நின்னு, "எந்தக் கட்சிக் குடத்துலயும் தண்ணி இல்லை. அதைச் சொல்லத்தான் நாங்க ரெண்டு பேரும் வந்தோம்"னா. கொஞ்ச நேரம் அமைதி.

அப்போ பின்னாடி நின்னுக்கிட்டு இருந்த டேங்க் ஆபரேட்டர் மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒருநாள் விட்டு ஒருநாள் கடைசித் தெரு வால்வை மொதல்ல தெறந்து, அப்புறமா முன்தெருவுக்கு விட்டா எல்லாருக்கும் வரும். இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் கேக்கலையே."

பத்து வருஷமா ரெண்டு பக்கமும் மனு எழுதினோம். தினமும் வால்வைத் திறக்கிற மனுஷர்கிட்ட யாருமே கேட்கலை. அன்னைக்கே தீர்மானம் எழுதினாங்க. குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சக் கூடாதுன்னும் சேர்த்துக்கிட்டாங்க. இப்போ எங்க தெருவுல முறைநாளைக்கு வீட்டுக்கு ஆறு குடம், ஏழு குடம் கிடைக்குது. கோடையில தட்டுப்பாடு வரத்தான் செய்யுது. பெரிய குழாய் இன்னும் வேணும்தான். ஆனா அந்தக் கோரிக்கையை இப்போ ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல எழுதியிருக்காங்க.

எல்லாத் தரப்பையும் கேட்கணும்னு சொல்றது மரியாதைக்கு மட்டும் இல்லை. ஆள் ஆளுக்கு ஒரு துண்டு விவரம் கையில இருக்கு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டா, தீர்வே பாதியிலதான் நிக்கும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல இதை நாம பார்த்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. நம்ம ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணிக்குள்ள. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு போச்சு. அன்னைக்கு எந்த மாடியில யார் இருக்கா, யாருக்கு இன்சுலின் வேணும்னு வந்த தகவல்ல கட்சி இல்லை. மூணு வாட்ஸ்அப் குழுவுலயும் ஒரே பட்டியல் ஓடுச்சு. வெள்ளம் வடிஞ்சதும் குழுக்களும் பிரிஞ்சிடுச்சு. அந்த ரெண்டு நாள் பழக்கத்தை வெயில் காலத்துலயும் வச்சுக்க முடியுமாங்கிறதுதான் நான் கேக்கிறது.

நாளைக்குக் காலையில என்ன செய்யலாம்?

முதல்ல, எதை யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சுக்குங்க. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை எல்லாம் ஊராட்சித் தலைவர் அல்லது வார்டு கவுன்சிலர். தொகுதி அளவுல பள்ளிக் கட்டடம், இணைப்புச் சாலை மாதிரியானதுக்கு எம்.எல்.ஏ.; அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியா வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கு. ரயில், தேசிய நெடுஞ்சாலை மாதிரி ஒன்றிய அரசு விஷயம்னா எம்.பி.; அவரோட தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி.

ரெண்டாவது, மனுவுல முதல் கையெழுத்து உங்களோடதா இருந்தா, ரெண்டாவது கையெழுத்து வேற கட்சிக்கு ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரரோடதா இருக்கட்டும். கட்சித் துண்டை வீட்டுல வச்சிட்டுப் போங்க. இது ஒண்ணு செஞ்சாலே மனுவோட கனம் மாறும்.

மூணாவது, 'இதைக் கட்டுங்க'ன்னு தொடங்காம, 'இதுதான் குறை'ன்னு தொடங்குங்க. எத்தனை வீடு, எத்தனை நாளா, எந்த நேரத்துல. ஒரு போட்டோ, ஒரு லொக்கேஷன் போதும். ஒரு மனுவுக்கு ஒரே விஷயம்.

நாலாவது, கொடுத்ததுக்குச் சாட்சி வாங்குங்க. 1100-க்கு போன் பண்ணினாலும், 'முதல்வரின் முகவரி' இணையதளத்துல பதிஞ்சாலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துல கொடுத்தாலும் மனு எண்ணைக் குறிச்சு வச்சுக்குங்க. கிராம சபைன்னா, உங்க கோரிக்கை தீர்மானப் புத்தகத்துல ஏறிடுச்சான்னு எழுந்து போறதுக்கு முன்னாடி பாருங்க.

அஞ்சாவது, இது இங்க இருக்கிற உங்களுக்கே. உங்க மையத்துக்கு வர்றவங்களுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும்போது, "தெருவுல வேற ஏதாவது குறை இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஸ்மார்ட்போன் இல்லாதவங்களுக்கு 1100-ஐ அழுத்திக் கொடுங்க. போன் வச்சிருக்கிற நாமதான் அவங்களுக்கு வாய்க்கால்.

பிரதிநிதிகளோட அலுவலகத்துல வேலை பாக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கும் மூணு சின்ன விஷயம். மாசத்துக்கு ஒரு தெருவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, அங்க ஐயாவையோ அம்மாவையோ கூட்டிட்டுப் போங்க. குலுக்கல்ல வந்த தெரு எந்தக் கட்சித் தெருன்னு யாரும் பேச முடியாது. கூட்டம் முடிஞ்சதும் யார் வந்தாங்கன்னு எழுதுற மாதிரி, யார் வரலைன்னும் ஒரு வரி எழுதுங்க. முடியாத கோரிக்கையா இருந்தா, ஏன் முடியாதுன்னு ஒரு பதில் போடுங்க. 'முடியாது'ன்னு வர்ற பதிலைக்கூட ஜனங்க தாங்கிக்குவாங்க. பதிலே வராததுதான் அடுத்த தடவை வாசப்படி ஏறவிடாது.

சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்து வறண்ட குளங்களுக்கு வெள்ளநீரைக் கொண்டு போற தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புக் கால்வாய் வேலை 2009-ல தொடங்கி, 2025 பிப்ரவரியிலதான் திறப்பு விழா கண்டது. இடையில எத்தனை தேர்தல், எத்தனை ஆட்சி மாற்றம்! அந்த ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருந்தா மட்டும் அது நடந்திருக்காது. யார் வந்தாலும் எல்லாரும் அதையே கேட்டாங்க.

கடைசியா ஒண்ணு. இந்த வகுப்புக்குக் கிளம்பும்போது ஆச்சிகிட்ட போன்ல சொன்னேன், உங்க கதையைத்தான் பேசப் போறேன்னு. "பேசு, பேசு. அந்தக் கல்வெட்டுப் பாலம் பக்கத்துத் தெருவிளக்கு எரியலைங்கிறதையும் சேத்துச் சொல்லு"ன்னா. சொல்லிட்டேன் ஆச்சி. 1100-லயும் பதிஞ்சிட்டேன். எதிர்வீட்டுப் பெரியம்மா பேர்ல.